இராணுவச் சட்டம் இல்லை என்றார்கள்

இதை யாருக்கும் காட்டாதே. உன் அப்பாவிடமும் காட்டாதே. அவர் யார் என்று எனக்கே இன்னும் தெரியாது, ஆனாலும் காட்டாதே. வீட்டில் யாராவது பார்த்துக் கேட்டால், அம்மா படிக்கிற காலத்தில் எழுதிய பள்ளிக்கூடக் கட்டுரை என்று சொல்லிவிடு. நான் ஐந்தாம் படிவத்தில் படிக்கிறேன், பதினேழு வயது. நீ பிறக்க இன்னும் எத்தனையோ வருடங்கள் இருக்கின்றன. நீ மகனா மகளா என்பதுகூடத் தெரியாமல் மகன் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் என் மாமாவின் பெயரை உனக்கு வைக்க வேண்டும் என்று இன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இன்று நான் செய்த ஒரு காரியத்தை இப்போது உயிரோடு இருக்கிறவர்கள் யாரிடமும் சொல்ல முடியாது. அதனால்தான் இன்னும் பிறக்காத உன்னிடம் சொல்கிறேன். நீ வளர்ந்து, வேலைக்குப் போய், உனக்கென்று ஒரு குடும்பம் வந்த பிறகு இதைப் படி. அதற்கு முன்னால் வேண்டாம்.

சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்குப் போடவில்லை. கைப்பேசி வெளிச்சத்தைத் துண்டால் மூடி வைத்திருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் முன் அறையில் படுத்திருக்கிறார்கள். எனக்குப் பின்னால் பலகைச் சுவர். அதற்கு அந்தப் பக்கம், உரமூட்டையும் குலை வெட்டும் நீளக் கம்புகளும் வைக்கிற சின்ன அறையில் மணியம் மாமா படுத்திருக்கிறார். அம்மாவின் தம்பி. அவருக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாளாகிறது. இப்போது மூச்சும் சரியாக வரவில்லை. பலகை வழியாக அந்தச் சத்தம் கேட்கிறது. தோட்ட வேலையாட்களின் வீட்டு வரிசையான எங்கள் லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருக்கிறார்கள், கேட்டில் போலீசும் சோல்ஜர்களும் நிற்கிறார்கள். மாமா இங்கே இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாமாவுக்கு ஐசி, அதாவது அடையாள அட்டை, கிடையாது. உனக்கு இது புரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஆனால் புரியாமல் போகிற மாதிரி ஒரு காலத்தில் நீ வாழ்ந்தால் இன்னும் நல்லது. அம்மாவை மருத்துவமனையில் பெற்றார்கள், பிறப்புப் பத்திரம் இருக்கிறது. மாமா பிறந்தது லயத்தில். அந்த வாரமே தாத்தாவுக்கு வேலை போய், லோரியில் சட்டி பானையை ஏற்றிக்கொண்டு சுங்கை பெசார் பக்கம் போய்விட்டார்கள். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. அப்புறம் பதியப் போனபோது தாத்தா பாட்டியின் கல்யாணமே பதிவாகவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா எத்தனையோ தடவை மாமாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரு வரியில் பதில் வரும், காரணம் வராது. மாமா பள்ளிக்கூடம் போகவில்லை, வங்கிக் கணக்குத் திறக்கவில்லை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோட்டத்தில் அவர் வெட்டுகிற, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை எல்லாம் அப்பாவின் பெயரில்தான் ஏறும். காலைப் பெரட்டில் மண்டோர் ஆளெண்ணிப் பெயர் கூப்பிடும்போது அப்பா பெயரை ஒருமுறை கூப்பிடுவார், இரண்டு பேர் வேலைக்குப் போவார்கள். மண்டோருக்குத் தெரியும், கணக்கு எழுதும் கிராணிக்கும் தெரியும். "உன் புருசன் ஒரு ஆளு இல்ல, ராட்சசன். ஒத்த ஆளா ரெண்டு ஆளு வேலை பாக்குறான்" என்று மண்டோர் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இப்படித்தான். யாருக்கும் இது தப்பாகத் தெரிந்ததில்லை, எனக்கும்தான்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். லயத்தில் மலாய் நன்றாகப் படிக்கத் தெரிந்தவள் நான் என்பதால், அரசாங்கத்திலிருந்து எந்த அறிவிப்பு கைப்பேசியில் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். மின்சாரக் கட்டணம், தடுப்பூசி, உதவித்தொகை எல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். இந்தத் தொற்றுநோய்க்காக நாடு முழுவதும் அவசரகாலம் என்று பேரரசர் பிரகடனம் செய்த பிறகு, ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பார்வதி ஆண்டி ஒரு நீளமான செய்தியோடு வந்தார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மாமாவும் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வாசலில் நின்றார். "வாங்க லாயரம்மா, தீர்ப்பு சொல்லுங்க" என்றார். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் படிக்க ஆரம்பித்தேன். நாடாளுமன்றம் கூடாது, அது கூடாமலே சட்டம் போடலாம், சோல்ஜர்களுக்கும் போலீசுக்கு இருக்கிற அதிகாரம் உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். நான் பேசி அத்தனை பெரியவர்கள் அமைதியாக நின்றது அதுதான் முதல் தடவை.

"அப்படின்னா ஆர்மிக்காரன் பிடிக்கலாமா பாப்பா?" என்று ஆண்டி கேட்டார்.

"பிடிக்கலாம் ஆண்டி."

"எங்கப்பா சொல்வாரு, அந்தக் காலத்து டாரூராட்டுல, அதான் அவசரகாலத்துல, வேலைக்குக் கொண்டுபோற சோத்துப் பொட்டலத்தக்கூட கேட்டுல பிரிச்சுப் பாப்பானுங்களாம். காட்டுல ஒளிஞ்சிருக்கற கம்யூனிஸ்டுக்காரனுக்குக் கொண்டு போறியான்னு கேட்டு அடிப்பானாம். கோர்ட்டாவது கச்சேரியாவது. துப்பாக்கி வெச்சிருக்கறவன் சொல்றதுதான் சட்டம்."

நான் மறுத்துப் பேசவில்லை. அந்தச் செய்தியில் இன்னும் கீழே, நீதிமன்றங்கள் வழக்கம்போல் நடக்கும், அரசாங்கம் தொடர்ந்து இருக்கும், இது இராணுவ ஆட்சி இல்லை என்றும் இருந்தது. அதைப் படிப்பதற்குள் எல்லோரும் பேசிக்கொண்டே கலைந்துவிட்டார்கள். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். பாதியோடு விட்டால்தான் நான் சொன்னது பெரிதாகத் தெரிந்தது, அதனால் விட்டுவிட்டேன். மாமா ஈரத் தலையோடே உள்ளே போனதைப் பார்த்தேன். யாருக்காவது எதையாவது படித்துச் சொன்னால் கடைசி வரி வரைக்கும் சொல்லிவிடு, மகனே. பயந்தவர்கள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். பின்னாலேயே போய்ச் சொல்.

சில வாரங்கள் கழித்து எங்கள் தோட்டத்தில் பலருக்கு நோய் இருப்பது தெரிந்தது. விடிவதற்குள் முள்கம்பியும் லோரிகளும் வந்துவிட்டன. சோல்ஜர்களைப் பார்த்ததும் ஆண்டி, "நம்ம பாப்பா அன்னிக்கே படிச்சுச் சொல்லிச்சு. ஆர்மி சட்டம் வந்திருச்சு லா" என்றார். வீடு வீடாக ஆள் கணக்கு எடுக்க வந்தபோது அப்பா மூன்று பேர் என்று சொன்னார். மாமா அதற்கு முன்பே பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டார். சிமெண்டுத் தரையில், ஈர மூட்டைகளுக்கு நடுவே அவர் படுத்தது அன்றிலிருந்துதான். மூன்று பேருக்குத்தான் உணவுப் பெட்டி வருகிறது. அம்மா நான்காகப் பிரித்து, தன்னுடையதில் குறைத்துக்கொள்கிறாள். மூன்று பேருக்குத்தான் பரிசோதனை செய்தார்கள், மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் மாமா யாரோடு சேர்ந்து குலை ஏற்றினாரோ, அவர்களில் இரண்டு பேரை ஆம்புலன்ஸ் கொண்டுபோயிருந்தது.

காய்ச்சல் வந்த முதல் நாள் அம்மா முகக்கவசம் போட்டுக்கொண்டு கஞ்சி கொண்டுபோனாள். நான் கதவருகே நின்றேன். "நான்தான் இந்த நாட்டுலயே இல்லியேக்கா. எனக்கு எப்படி இது வரும்? ஐசி கேட்டுட்டுத்தான வரும்" என்று மாமா சிரித்தார். சிரித்தபோது இருமல் வந்து, அது நிற்க வெகுநேரம் ஆனது.

அன்றிலிருந்து நான் தேடித் தேடிப் படித்தேன். முதலில் இணைய வகுப்பில் வரலாற்று ஆசிரியரிடம், அவசரகாலமும் இராணுவச் சட்டமும் ஒன்றா என்று கேட்டேன். "என்னடி, ஆர்மியில சேரப் போறியா? உன் அளவுக்குச் சட்டை கிடைக்காது லா" என்று வகுப்புக் குழுவில் ஒருத்தி எழுதினாள். நிறையப் பேர் சிரித்தார்கள். ஆசிரியர், இது பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அவரும் பயந்தார் என்று நினைக்கிறேன். அதனால் அரசியல் சட்டத்தையே கைப்பேசியில் இறக்கிப் படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்ததை உனக்கு எழுதி வைக்கிறேன். உன் காலத்திலும் இந்தச் சொற்கள் வரும். வரும்போது எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள்.

ஊரடங்கு என்பது இந்த நேரத்தில் வெளியே வராதே என்கிற கட்டளை, அவ்வளவுதான். நம்மை ஆள்கிறவர்கள் அதனால் மாறுவதில்லை. எங்களுக்குப் போட்டிருக்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் நாள் முழுவதும். அவசரகாலம் அதைவிடப் பெரியது. அதற்கு அரசியல் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, நூற்று ஐம்பதாம் பிரிவு. அப்போது நாடாளுமன்றத்தில் பேசி முடிக்காமலே சட்டம் வரும், நமக்கு இருக்கும் பல உரிமைகளைக் குறைக்க முடியும். ஆனாலும் சட்டத்தைப் போடுகிறவர்கள் சீருடை போடாதவர்கள்தான். வழக்கு என்றால் நீதிபதியிடம்தான் போகும். இராணுவச் சட்டம் என்பது இதையும் தாண்டியது. அங்கே தளபதிதான் அரசாங்கம். சாதாரண நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளும், நம்மைப் போன்றவர்களையும் சோல்ஜர்களே பிடிப்பார்கள், சோல்ஜர்களே விசாரிப்பார்கள், தண்டனையும் அவர்களே கொடுப்பார்கள். இராணுவ நீதிமன்றம் என்று எப்போதும் ஒன்று உண்டு, அது தப்புச் செய்த சோல்ஜர்களுக்கு. அதன் முன்னால் சாதாரண மக்களைக் கொண்டுபோய் நிறுத்தினால்தான் பயப்பட வேண்டும். இராணுவச் சட்டம் என்ற சொல்லை நம் அரசியல் சட்டத்தில் தேடினேன். என் கண்ணில் படவில்லை. கேட்டில் நிற்கிற சோல்ஜர்கள் போலீசுக்கு உதவியாக நிற்கிறார்கள். அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் இதை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, அப்பாவிடம் போய்ச் சொன்னேன். மாமாவைப் பிடித்தாலும் ஆட்கொணர்வு மனு என்று ஒன்று இருக்கிறது, பிடித்து வைத்திருக்கிறவர்கள் அவரை நீதிபதி முன்னால் கொண்டுவந்து நிறுத்தி ஏன் பிடித்தோம் என்று காரணம் சொல்ல வேண்டும், யாரையும் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் நீதிபதி அனுமதி இல்லாமல் வைத்திருக்க முடியாது என்று சொன்னேன். அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். வேலை இல்லாவிட்டாலும் தினமும் தீட்டுகிறார்.

"மூணு பேருன்னு சொல்லியாச்சு. இப்பப் போயி நாலுன்னு சொன்னா, பொய் சொன்னதுக்கு என்னையும் சேத்து லோரியில ஏத்துவான். அப்புறம் உன்னையும் உங்கம்மாவையும் எவன் பாப்பான்? உன் நீதிபதியா?"

"அவன் மூச்சு வுடுறத ஒரு தடவ வந்து பாருங்க" என்றாள் அம்மா.

"ரெண்டு நாள் பொறு. சரியாப் போயிரும்."

"சரியாப் போவலன்னா?"

அப்பா மறுபடியும் கத்தியைத் தீட்டினார். அவர் கெட்டவர் இல்லை, மகனே. மாமாவுக்குப் பதினெட்டு வயதானதிலிருந்து அவரைத் தன் பெயருக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தவர். அந்தப் பெயருக்குள் இரண்டாவது ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் நான் அப்பாவிடம் சொன்னது சரியில்லை. ராத்திரி மறுபடியும் அதே பிரிவைப் படித்தேன். இருபத்து நான்கு மணி நேரம் என்று சொன்ன அதே இடத்தில், குடியுரிமை இல்லாதவரைக் குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் பிடித்தால் பதினான்கு நாள் வரை என்று இருக்கிறது. மாமா இங்கே பிறந்தவர் என்பதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது? அம்மாவின் வாய்ச்சொல் மட்டும்தான். அவரைத் தூக்கிக்கொண்டு போக இராணுவச் சட்டம் தேவையில்லை. அவசரகாலமும் தேவையில்லை. சாதாரண நாளில், சாதாரணச் சட்டத்தில், ஐசி கேட்கிற ஒரு சாதாரண அதிகாரி போதும். நாங்கள் கேட்டில் நிற்கிற துப்பாக்கியையே பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். மாமா பயந்தது அதற்கு அல்ல என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் ரவாங் டவுனுக்கு ரயில் பார்க்கக்கூடப் போகாமல் இத்தனை வருடம் இந்தச் செம்பனைக்குள்ளேயே இருந்தது எதனால் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்களுக்கு இப்போது போட்டிருக்கிற முள்கம்பி அவருக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இன்று சாயங்காலம் கஞ்சிக் கிண்ணத்தை எடுக்கப் போனபோது மாமாவின் உதடு நிறம் மாறியிருந்தது. "லாயரம்மா" என்றார். அடுத்த சொல் வர மூச்சு இல்லை. கையைக் காட்டி என்னைப் போகச் சொன்னார். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, அறிவிப்பில் இருந்த சுகாதார எண்ணுக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார், மலாயில் பேசினார், குரல் மிகவும் களைத்திருந்தது. எங்கள் வீட்டில் இன்னொருவர் இருக்கிறார், மூச்சுவிட முடியவில்லை என்றேன். வீட்டு எண் கேட்டார், சொன்னேன். பதிவில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றார். ஆமாம், இவர் நான்காவது என்றேன். பெயர் கேட்டார். மாமாவின் முழுப்பெயரை, தாத்தாவின் பெயரோடு சேர்த்துச் சொன்னேன். ஐசி எண் கேட்டார். இல்லை என்றேன்.

அந்தப் பக்கம் அவர் எதையோ தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.

"மலேசியரா, வெளிநாட்டவரா?"

"இங்கேதான் பிறந்தார்."

"நான் கேட்டது அது இல்லை, தங்கச்சி" என்றார். கோபமாக இல்லை. இதைச் சொல்ல அவருக்கும் பிடிக்கவில்லை என்பதுபோல் இருந்தது. பிறகு, ஆட்கள் வருவார்கள், நோயாளி எங்கேயும் போகக்கூடாது என்றார். யார் வருவார்கள், ஆம்புலன்ஸா என்று கேட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் வருவார்கள் என்றார். சம்பந்தப்பட்டவர்கள் யார் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். மறுபடி அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை.

அதிலிருந்து நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மா சோறு போட்டபோது, சீக்கிரம் படு, முகமெல்லாம் வாடிப்போயிருக்கு என்றாள். நான் செய்தது சரியா என்று உன்னிடம் கேட்கவில்லை. நீ இதைப் படிக்கும்போது முடிவு என்னவென்று உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் தெரியாது. நான் யோசித்தது இவ்வளவுதான்: பிடித்துக்கொண்டு போனால் மாமா எங்கே என்று போய்க் கேட்கலாம், ரவாங்கிலோ கோல சிலாங்கூரிலோ ஒரு வழக்கறிஞர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம், பதினான்கு நாளானாலும் பதினைந்தாவது நாள் என்று ஒன்று இருக்கிறது. இந்த அறையில் மூச்சு நின்றுபோனால் யாரிடம் போய்க் கேட்பது? அவர் செத்துப்போனார் என்று எழுதுவதற்குக்கூட அவர் இருந்தார் என்று முதலில் யாராவது எழுத வேண்டும்.

உனக்குப் பிள்ளை பிறந்தால் வேறு எந்த வேலையும் பார்க்காமல் போய்ப் பதிந்துவிடு. யாராவது உன் பெயருக்குள் வந்து ஒண்டிக்கொண்டால் துரத்தாதே. ஆனால் அவர்களுடைய சொந்தப் பெயரையும் அடிக்கடி சத்தமாகக் கூப்பிடு. பெரிய சொற்கள் காற்றில் வரும்போது துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்காதே. பேனா யார் கையில் இருக்கிறது, அதை யாராவது கேள்வி கேட்க முடியுமா என்று பார். நீதிமன்றம் திறந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், யாருக்கு என்று

வண்டிச் சத்தம் கேட்டது, அதனால் நிறுத்தினேன். கேட்டில் நாய்கள் குரைக்கின்றன. விளக்கு வெளிச்சம் சன்னல் வழியாக ஒருமுறை சுற்றிப் போனது. ஒரு வண்டி இல்லை, இரண்டு. மாமாவின் இருமல் நின்றுவிட்டது. அவர் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். மாமா, இருமுங்கள். நான்தான் வரச் சொன்னேன்.

தட்டுகிறார்கள். முன் கதவை. மறுபடியும் தட்டுகிறார்கள், இந்தத் தடவை பலமாக. அப்பா எழுந்துவிட்டார், ஆனால் கதவைத் திறக்கவில்லை. வெளியே ஒரு ஆண் குரல் மாமாவின் முழுப்பெயரைப் படிக்கிறது. ஒவ்வொரு எழுத்தாக, தாத்தாவின் பெயரோடு சேர்த்து. அப்பா திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்க்கிறார். பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா பதில் சொல்கிறார், அவர் குரல்